மறு: ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான பெயருக்குக் கலைச்சொல்

> ஓவியர் கமீல் பிசாரோ பற்றிய பத்தியில் "வரைந்தாள்" என்று எழுதிவிட்டேன். முந்தைய பக்கத்தில் சிற்பி கமீல் கிளோதெல் வந்ததன் வினை. இப்படிப்பட்ட பெயர்களைப் பிரெஞ்சில் 'எபிசென்' என்கிறார்கள். நாம் 'பொதுப்பெயர்' எனலாமா?

வணக்கம் அம்மா. முதலில் ஒரு சிறு திருத்தம். பிரெஞ்சுக்காரர் வாயில் அது 'கமீய்'. எழுத்தைப் பார்த்து நாம்தான் 'கமீல்' ஆக்கிவிட்டோம்.

உரோமில் வேள்விச் சடங்குகளில் கைகொடுத்த உயர்குடிச் சிறுவன் கமில்லுஸ், சிறுமி கமில்லா. இலத்தீனில் ஈறு பால் காட்டியது. பிரெஞ்சில் ஈறு தேய்ந்ததும் இரண்டும் ஒன்றாகிவிட்டன. பிசாரோ (1830–1903) ஆண், கிளோதெல் (1864–1943) பெண், இசையமைப்பாளர் சான்-சான்ஸ் ஆண். 1990-களில் பிரான்சில் பெண் குழந்தைகளுக்கு மிகுதியாக வைத்த பெயர்களில் இதுவும் ஒன்று.

'பொதுப்பெயர்' வேண்டாம். மரம், ஊர் என்று பள்ளி இலக்கணம் அதை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது.

> தொல்காப்பியர் தந்த 'விரவுப்பெயர்' இருக்கப் புதுச்சொல் எதற்கு?

ஐயா, அங்கே விரவுவது திணை. சாத்தன் வந்தான் என்றால் மனிதன், சாத்தன் வந்தது என்றால் எருது. பிசாரோவை அந்தத் தொழுவத்தில் கட்ட எனக்கு மனமில்லை. ஆனால் உரைகளில் வரும் 'கோதை' நமக்குக் கைகொடுக்கும்: சேர மன்னனும் கோதை, ஆண்டாளும் கோதை.

என் பரிந்துரை 'இருபாற்பெயர்'. 'இருபாலர் பள்ளி' என்று பெயர்ப்பலகையில் படித்துப் பழகியவர்களுக்கு விளக்கமே தேவையில்லை.

ஒரு சிக்கல் உண்டு. 'ரெனே' பெண்பெயரானால் பிரெஞ்சில் கடைசியில் ஓர் எழுத்து கூடும். உச்சரிப்பில் அது வராது. அங்கே கண்ணுக்கு இரண்டு பெயர், காதுக்கு ஒன்று. தமிழில் எழுதினாலோ கண்ணுக்கும் ஒன்றுதான். இவற்றையும் சேர்ப்பதா? சேர்க்கக்கூடாது என்பேன், மூலமொழியின் எழுத்தே அளவுகோலாக இருக்கட்டும். 'ஒலியொப்பு இருபாற்பெயர்' என்று யாராவது தொடங்குவதற்குமுன் சொல்லிவிடுகிறேன்.

அம்மா, உங்கள் பத்தியில் "வரைந்தார்" என்று போட்டுவிடுங்கள். பட்டியலுக்கு என் வரைவு:

இருபாற்பெயர்: எழுத்து மாறாமல் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடும் இயற்பெயர். எ-டு: கமீய், குளோத், தொமினிக், தமிழில் கோதை.