கொலைப்பழி சுமக்கும் நாயகன்: உண்மையை எப்போது காட்டுவது?

கேள்வி: 110 நிமிடப் படத்துக்குத் திரைக்கதை எழுதுகிறேன். நாயகன் நிரபராதி என்று முதலிலேயே காட்டிவிட்டால் மர்மம் போய்விடுமா?

பதில் 1: போகாது. அவன் செய்யவில்லை என்று தெரிந்தால்தான் கதவு தட்டப்படும்போதெல்லாம் நமக்குப் பதறும். இயக்குநர் ஹிட்ச்காக்கின் 'தி 39 ஸ்டெப்ஸ்' (1935) பாருங்கள். நாயகன் ஹானேயின் வீட்டில் ஒரு பெண் குத்திக் கொல்லப்படுகிறாள். கொன்றது அவனில்லை என்று நமக்குத் தெரியும். புதிரின் விடையோ முதல் காட்சியின் மேடையிலேயே நிற்கிறது, எதைக் கேட்டாலும் நினைவிலிருந்து பதில் சொல்லும் மேடைக் கலைஞர் மிஸ்டர் மெமரியாக!

பதில் 2: பலர் சறுக்குவது வேறிடத்தில். அவன் ஏன் போலீஸிடம் போகவில்லை? கத்தியில் அவன் கைரேகை என்பதுபோல வலுவான காரணம் முதல் 20 நிமிடத்துக்குள் வந்தாக வேண்டும். தடயத்தை வேறு வேலைக்கு நடுவே காட்டுங்கள்: சாவி தேடும் கை, நின்றுபோன கடிகாரத்தை நகர்த்தட்டும். அதற்குக் குளோசப் வைத்தால் குட்டு உடைந்துவிடும்.