பொருளாளர் அண்ணன் விலகறேன்னு சொன்னது பத்தி

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நம்ம ஊர் சங்கத்து பொருளாளர் பொறுப்புல இருந்து விலகறேன்னு அண்ணன் போட்ட மெயிலுக்கு வந்த பதில் அத்தனையும் படிச்சேன். "நீங்க இல்லாம சங்கமே இல்ல", "இன்னும் ஒரே ஒரு வருஷம் பாருங்கண்ணா"ன்னு தான் ஆளாளுக்கு எழுதியிருக்காங்க, "உங்க வேலையில இந்த ஒண்ண நான் எடுத்துக்கறேன்"னு ஒருத்தர் கூட ஒரு வரி எழுதல. மனசுக்கு ரொம்ப கஷ்டமா போச்சு, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

போன ஆடி பண்டிகைக்கு ஊருக்கு வந்தப்ப ஒரு சாயங்காலம் அண்ணன் கொலுசுப் பட்டறையில உக்காந்திருந்தேன். செவ்வாப்பேட்டையில சரக்கு குடுத்துட்டு வந்து கை கால் கழுவிட்டு சங்கத்து நோட்ட எடுத்தார். ஹார்டுவேர் கடை பில்லெல்லாம் இப்ப அந்த வழுவழு பேப்பர்ல தான் வருது, கொஞ்ச மாசத்துல எழுத்தே இருக்காது, அதனால ஒவ்வொண்ணையும் அன்னைக்கே ஜெராக்ஸ் எடுத்து ஒரிஜினலோட சேர்த்து குண்டூசி குத்தி, எந்த வேலைக்கு, யார் போய் வாங்கினாங்கன்னு பின்னாடி பேனாவுல எழுதி வெக்கறார். அதுக்கு நடுவுல டியூஷன் டீச்சர் பொண்ணு சம்பளம் கேட்டு வருது, ஏரிக்கரை கருவேல முள்ளு வெட்டினவர் பாக்கி கேட்டு போன் பண்றார், அப்புறம் வெளிநாட்டுல இருக்கற நம்மாளுங்க. கலிபோர்னியாவுல மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல நாம கேக்கற கேள்வி அவருக்கு ராத்திரி பன்னெண்டரைக்கு போய் விழுது. "கணக்கு ஏன் இன்னும் வரல"ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு நாம வேலைய பாக்கப் போயிடறோம், அவருக்கு அதுக்கப்புறம் தூக்கம் வராது.

யோசிச்சு பாருங்க, பொருளாளர் வேலைன்னு நாம சொல்றது ஒரு வேலையே கிடையாது. பேங்க்ல கையெழுத்து போடறது ஒண்ணு, ஊர்ல நின்னு செலவு பண்றது ஒண்ணு, கணக்கு எழுதறது ஒண்ணு, வெளியில இருக்கற நமக்கெல்லாம் பதில் சொல்றது ஒண்ணு. முதல் ரெண்டும் ஊர்ல இருக்கறவங்க தான் பண்ணியாகணும். மத்த ரெண்டுக்கும் ஆள் சேலத்துல இருக்கணும்னு என்ன அவசியம்? பில்ல போட்டோ எடுத்து அனுப்பினா மஸ்கட்ல உக்காந்துக்கிட்டே ஷீட்ல ஏத்தலாம். பொதுக்குழு கூட்டறது, வருஷக் கணக்க பதிவாளர் ஆபீஸ்ல குடுக்கறதுன்னு 1975 சங்கப் பதிவுச் சட்டத்துல இருக்கற வேலைக்கெல்லாம் பேப்பர் ரெடி பண்றது கூட தூரத்துல இருந்தே முடியும்.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு, நிறைய பேருக்கு இது தெரியல. இந்திய பாஸ்போர்ட் வெச்சிருக்கறவர் எந்த நாட்டுல இருந்தாலும் சொந்த சம்பாத்தியத்த பேங்க் வழியா குடுத்தா அது வெளிநாட்டு நன்கொடையில சேராது. ஆனா அமெரிக்கா, கனடான்னு குடியுரிமை மாத்திக்கிட்டவங்க குடுத்தா, இந்திய வம்சாவளிக்காரங்களுக்கு குடுக்கற ஓசிஐ கார்டு இருந்தாலும், எஃப்சிஆர்ஏன்னு சொல்ற 2010 வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அது வெளிநாட்டுப் பணம், அந்த சட்டத்துல பதிவோ முன் அனுமதியோ இல்லாத நம்ம சங்கம் அத தொடவே கூடாது. பதிவு இருக்கற சங்கங்களே 2020 திருத்தத்துக்கு அப்புறம் டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச் கணக்குல தான் வாங்கணும். தெரியாம யாராவது ஒருத்தர் அனுப்பிட்டா மாட்டறது கையெழுத்து போட்டிருக்கற அண்ணன் தான். அதனால குடியுரிமை மாத்தின அண்ணன் அக்காங்களுக்கு ஒரு வேண்டுகோள், பணம் வேண்டாம்ங்க, உங்க நேரத்த குடுங்க. கணக்கு எழுதறது, பதில் சொல்றதுன்னு அந்த ரெண்டாவது பாதி வேலை முழுக்க உங்களுக்காகவே காத்துக்கிட்டிருக்கு.

ஆள் வரமாட்டேங்கறாங்கன்னு நாம சும்மா சும்மா சொல்றோம், நாம கேக்கற விதத்த பாருங்க. "தன்னார்வலர்கள் தேவை"ன்னு முந்நூறு பேருக்கு பொதுவா போட்டா முந்நூறு பேரும் வேற யாரோ பாத்துக்குவாங்கன்னு தான் நெனைப்பாங்க. பேர் சொல்லி, வேலைய சொல்லி, எந்த தேதியில முடியும்னு சொல்லி போன்ல கேட்டா பெரும்பாலும் யாரும் முடியாதுன்னு சொல்றதில்ல. முடிவு தேதி இல்லாத பொறுப்புன்னா தான் பயம், ஏன்னா தலையில ஏறினா இறக்க முடியாதுன்னு அண்ணன பாத்தே எல்லாருக்கும் தெரியுது. இனிமே எந்த பொறுப்பும் ரெண்டு வருஷம் தான், கடைசி ஆறு மாசம் அடுத்தவர் கூடவே இருந்து கத்துக்கணும், இத பொதுக்குழுவுல தீர்மானமாவே போட்டுடலாம். சேலம் கன்னங்குறிச்சி மூக்கனேரியில 2010ல வேலை ஆரம்பிச்சாங்களே, ஏரி மண்ணையே உள்ள திட்டு திட்டா குவிச்சு மரம் வெச்சாங்க, இன்னைக்கு பறவைங்க வந்து அடையுது. கண்ணால பாக்கற வேலைன்னா ஜனங்க வருவாங்க. லீவுல பதினஞ்சு நாள் ஊருக்கு வர்ற நம்ம பிள்ளைங்களுக்கும் அப்படி ஒரு வேலைய முன்கூட்டியே எடுத்து வெக்கணும்.

எந்த வேலைய எடுக்கறதுங்கறத மட்டும் ஊரே சொல்லட்டும். 2009ல பொருளாதார நோபல் வாங்கின எலினார் ஆஸ்ட்ரம் அம்மா பல நாட்டு பொதுத் தண்ணி, காடு எல்லாம் எப்படி தலைமுறை தலைமுறையா அழியாம நிக்குதுன்னு ஆராய்ச்சி பண்ணவங்க. அனுபவிக்கறவங்களுக்கே விதிய மாத்தற உரிமை இருக்கணும், காவல் பாக்கறவர் அவங்களுக்கே பதில் சொல்லணும்னு அவங்க கண்டது தான் நம்ம பக்கத்து ஏரிகள்ல மடை திறந்து வயலுக்கு தண்ணி விட்ட நீர்க்கட்டிக்கும் முறையா இருந்துச்சு, அறுப்புல அவருக்கு நெல்லு அளந்தது அந்த ஏரித் தண்ணி பாயற நிலத்துக்காரங்களான ஆயக்கட்டுக்காரங்க, அவர கேள்வி கேக்க வேண்டியவங்களும் அவங்க தான். வருஷத்துல ஆறு கிராம சபை நடக்குது, ஜனவரி 26ல இருந்து நவம்பர் 1 வரைக்கும். நம்ம வேலைப் பட்டியல அங்க வெச்சு கேட்டுட்டு தான் இங்க ஓட்டு எடுக்கணும்.

வர்ற ஞாயிறு சேலத்து நேரம் சாயங்காலம் 7 மணிக்கு பேசலாம். துபாய்க்கு அஞ்சரை, சிங்கப்பூர்க்கு ஒன்பதரை, சிட்னிக்கு மட்டும் ராத்திரி ரொம்ப லேட்டாகும், அக்கா மன்னிச்சுக்கணும், அவங்களுக்கு ரெக்கார்டிங் அனுப்பிடறேன். கணக்கு ஷீட்ட மார்ச் 31 வரைக்கும் நான் பாத்துக்கறேன், பில் போட்டோ இனிமே எனக்கே வரட்டும். அண்ணன்கிட்ட கேக்க வேண்டியத யாரா இருந்தாலும் இங்க எழுதுங்க, ராத்திரியில அவருக்கு போன் பண்ண வேண்டாம். மெம்பர்ஸுக்கு பதில் சொல்ற வேலைக்கு நியூஜெர்சி தம்பியத்தான் மனசுல வெச்சிருக்கேன், தம்பி, நாளைக்கு காலையில உனக்கு கூப்பிடறேன்.