கால்வாய் ஓரப் பூப்பாத்தி: கோலாலம்பூர், செந்தூல் வரிசை வீட்டுக் குழு

வீடு 3, இரவு 8:05
அனைவருக்கும் வணக்கம். கால்வாய் ஓரத்தில் உள்ள 40 அடி நீள நிலத்தைச் சுத்தம் செய்தாகிவிட்டது. 10 வீட்டாரும் ஆளுக்கொரு செடி கொண்டுவந்தால் ஞாயிற்றுக்கிழமையே நட்டு முடித்துவிடலாம்.

வீடு 14, ஓவிய ஆசிரியை, இரவு 8:21
அண்ணா, உழைத்தவர்களுக்கு நன்றி. ஆனால், ஆளுக்கொரு செடி என்பதை மட்டும் மறுபரிசீலனை செய்யுங்கள். 10 வகைச் செடிகள் தனித்தனியே அழகாகத்தான் இருக்கும். வரிசையில் நின்றாலோ கண்ணுக்கு இளைப்பாற ஓரிடம் கிடைக்காது. பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைகளில் கதம்பம் கட்டுபவர்களைப் பாருங்கள்: கனகாம்பரம் ஒரு கொத்து, மரிக்கொழுந்து ஒரு கொத்து, மல்லிகை ஒரு கொத்து என்றுதான் கட்டுகிறார்கள். இடையில் வரும் அந்தப் பச்சைதான் இரு பக்கத்து நிறங்களையும் எடுத்துக்காட்டுகிறது.

வீடு 9, இரவு 8:26
ஒரே செடியைக் கூட்டமாக நட்டால் சலிப்பாக இருக்காதா, டீச்சர்?

வீடு 14, ஓவிய ஆசிரியை, இரவு 8:44
இருக்காது, தம்பி. இரட்டைக் கோபுரத்தின் அடியில் ஏறத்தாழ 50 ஏக்கரில் விரிந்திருக்கும் கேஎல்சிசி பூங்காவை வடிவமைத்த பிரேசில் நாட்டவர் ரோபெர்ட்டோ புர்லே மார்க்ஸ் (1909–1994) ஓர் ஓவியர். 1928இல் ஜெர்மனிக்குச் சென்றவர், தம் நாட்டுச் செடிகளின் அழகையே பெர்லின் தாவரவியல் பூங்காவின் கண்ணாடி வீட்டில்தான் கண்டுகொண்டார். பின்னர், தூரிகையால் வண்ணத்தை அகலமாகத் தீட்டுவதைப்போல, ஒரே வகைச் செடியைப் பெரும் பரப்பாக நட்டுத் தோட்டங்களை அமைத்தார். நாமும் மூன்றே வகைகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நம்மில் பலர் வீடு திரும்புவது மாலை 7 மணிக்கு மேல். வெளிச்சம் குறையும்போது நம் கண்ணுக்குச் சிவப்புதான் முதலில் கருத்துப்போகும். வெள்ளை நெடுநேரம் தெரியும். ஆகவே வாசல் பக்கம் நந்தியாவட்டை, நடுவில் பாண்டான் (ரம்பை) இலை, கடைக்கோடி வேலியில் நீலச் சங்குப்பூ. நீலம் கண்ணைவிட்டு விலகிச் செல்லும் நிறம் என்பதால், அது முடிவில் இருந்தால் பாத்தி இன்னும் நீளமாகத் தோன்றும். கிளையை வெட்டி வைத்தால் நந்தியாவட்டை வரும், பாண்டானுக்குப் பக்கக் கன்று போதும், சங்குப்பூவுக்கு விதை. ஒரு ரிங்கிட்கூடச் செலவில்லை.

வீடு 5, இரவு 8:52
அப்படியென்றால் என் செம்பருத்திக்கு இடமில்லையா? மாமியார் வீட்டிலிருந்து கொண்டுவந்த குச்சியை வளர்த்து ஆளாக்கிய செடி அது.

வீடு 14, ஓவிய ஆசிரியை, இரவு 9:03
அக்கா, அதைத்தான் முதலில் நட வேண்டும். படத்தில் கண் போய் நிற்க ஓரிடம் தேவை, அந்த இடம் உங்கள் செம்பருத்திக்கு. சரிபாதியான 20ஆவது அடியில் வைத்தால் பாத்தி இரண்டாக வெட்டுப்பட்டதுபோல் இருக்கும். வாசலிலிருந்து 13ஆவது அடியில் வைப்போம். அதைச் சுற்றி மூன்றடிக்குப் புல்லைத் தவிர வேறெதுவும் வேண்டாம். கோலத்தைச் சுற்றி வெறுந்தரை விடுகிறோம் அல்லவா, அதுபோலத்தான். அந்தியில் அதன் சிவப்பு மங்கினாலும், முன்னால் நிற்கும் நந்தியாவட்டை பாத்திக்கு வெளிச்சம் தரும்.

வீடு 3, இரவு 9:10
ஏற்றுக்கொள்கிறேன். ஞாயிறு காலை 7:30 மணிக்கு அளவு நாடாவுடன் வருகிறேன். யாரிடம் நந்தியாவட்டை இருக்கிறது?

வீடு 9, இரவு 9:11
எங்கள் வீட்டில் இரண்டு மரங்கள் உள்ளன. 12 குச்சிகள் வெட்டித் தருகிறேன்.

வீடு 5, இரவு 9:15
செம்பருத்தியைத் தொட்டியிலிருந்து நானேதான் எடுப்பேன். வேர் அறுந்துவிடக் கூடாது.