மிச்சிகனுக்கு முதலில் வந்தது யார்?

டெட்ராய்ட் குமரன்:
வாகன இறக்குமதி வரி பற்றிய இழையில் ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார்: "2023 வாகனத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளியைத் தேடி முதலில் வந்தவர் டிரம்ப். பைடன் அவர் பின்னால் ஓடி வந்தார்." படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. அப்போது அதிபராக இருந்த பைடன் மிச்சிகனில் உள்ள பெல்வில்லுக்கு வந்தது செப்டம்பர் 26, செவ்வாய்க்கிழமை. டிரம்ப் அதே மாநிலத்தின் கிளிண்டன் டவுன்ஷிப்புக்கு வந்தது 27, புதன்கிழமை. 26க்கு முன்னால் 27 வருகிற நாள்காட்டி எந்தக் கடையில் விற்கிறது? பதவியில் இருக்கும் அமெரிக்க அதிபர் ஒருவர் மறியல் செய்யும் தொழிலாளர்களோடு போய் நின்றது அதுதான் முதல் முறை. வாகனத் தொழிலாளர் சங்கத்தின் தொப்பியைப் போட்டுக்கொண்டு, கை ஒலிபெருக்கியில் பேசினார். நான் குடியிருப்பது காண்டனில். பெல்வில் எனக்குப் பக்கத்து ஊர். கூட்டமெல்லாம் போன பிறகு, ஒரு ராத்திரி அந்தப் பக்கம் காரில் போனேன். இரும்புப் பீப்பாயில் விறகு எரிந்துகொண்டிருந்தது. நாலைந்து பேர் அட்டையைத் தோளில் சாய்த்தபடி நின்றிருந்தார்கள். கடந்துபோன ஒவ்வொரு லாரியும் ஹாரன் அடித்துவிட்டுத்தான் போனது.

ஒஹாயோ மாறன்:
எழுதியவன் நான்தான். என் பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம், ஒளிவு மறைவு எதற்கு? டிரம்ப் மிச்சிகனுக்கு வரப்போகிறார் என்ற செய்தி 18ஆம் தேதியே வெளிவந்துவிட்டது. பைடன் அறிவித்தது 22ஆம் தேதி. நாலு நாள் வெள்ளை மாளிகை தூங்கிக்கொண்டிருந்ததா? முதலில் புறப்பட முடிவெடுத்தவர் டிரம்ப். அதைத்தான் எழுதினேன்.

டெட்ராய்ட் குமரன்:
பத்திரிகை அடித்த அன்றே தாலி கட்டியாகிவிட்டதா? 22ஆம் தேதி சங்கத் தலைவர் ஷான் ஃபெயின் எல்லோர் முன்னிலையிலும் அழைத்தார், பைடன் வந்தார். டிரம்பைச் சந்திக்கவே ஃபெயின் மறுத்தார். டிரம்ப் பேசிய டிரேக் எண்டர்பிரைசஸ், சங்கமே இல்லாத உதிரிபாகத் தொழிற்சாலை. அங்கே "டிரம்பை ஆதரிக்கும் சங்க உறுப்பினர்கள்" என்ற அட்டையைப் பிடித்திருந்த ஒரு பெண், தான் எந்தச் சங்கத்திலும் இல்லை என்று 'டெட்ராய்ட் நியூஸ்' நிருபரிடம் ஒப்புக்கொண்டார். 26தான் முதலில். திருத்தம் போடுங்கள்.

வாசுகி:
தேதியை வைத்து அடித்துக்கொள்கிறீர்களே, 2022 டிசம்பர் 2 என்ற தேதி உங்கள் இருவருக்கும் நினைவிருக்கிறதா? ரயில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ய முடியாதபடி பைடன் கையெழுத்துப் போட்ட நாள். அந்தச் சட்டம் திணித்த ஒப்பந்தத்தை 12 ரயில் சங்கங்களில் நான்கு வாக்களித்து நிராகரித்திருந்தன. அவர்கள் கேட்டது சம்பளத்தோடு ஏழு நாள் நோய் விடுப்பு. காய்ச்சல் வந்தால் வீட்டில் படுக்க அனுமதி. அதைச் செனட் தோற்கடித்தது. அடுத்த ஆண்டே அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்தால் நாம் கைதட்ட வேண்டுமா?

டெட்ராய்ட் குமரன்:
அந்தச் சட்டத்துக்குப் பிறகும் பேச்சுவார்த்தை நடந்து, 2023இல் பல ரயில் சங்கங்களுக்கு நோய் விடுப்பு கிடைத்தது. மின் தொழிலாளர் சங்கம் பைடனுக்கு நன்றியே தெரிவித்தது. பாதி கதையைச் சொல்லாதீர்கள். மேலும் இந்த இழை ரயிலைப் பற்றியது அல்ல. 26ஆ 27ஆ என்பதுதான் கேள்வி.

வாசுகி:
நீங்கள் பீப்பாய், விறகு என்று எழுதினால் அது அனுபவம், நான் ரயிலைச் சொன்னால் திசைதிருப்பல். முன்பும் ஓர் இழையில் என்னை இப்படித்தான் வாயடைத்தீர்கள். மறக்கவில்லை.

ஒஹாயோ மாறன்:
அக்கா சரியாகக் கேட்டார், பதில் வரவில்லை. இன்னும் பின்னால் போகலாம். 2017 ஜனவரி 23: பதவியேற்ற முதல் திங்கட்கிழமை பசிபிக் வர்த்தக ஒப்பந்தத்திலிருந்து விலகி, அன்றே கட்டுமானச் சங்கத் தலைவர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார் டிரம்ப். வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தமான நாஃப்டாவைத் திருத்தி எழுதியபோது, அமெரிக்கத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவர் ரிச்சர்ட் டிரம்காவே 2019 டிசம்பரில் ஆதரவு கொடுத்தார். சீனப் பொருட்கள் மீது டிரம்ப் போட்ட வரியைப் பைடன் எடுத்தாரா? 2024இல் சீன மின்வாகனங்களுக்கு 100 சதவீதமாக உயர்த்தத்தான் செய்தார். வழி போட்டவர் ஒருவர், அதில் நடந்தவர் இன்னொருவர். 18ஆம் தேதிதான் முதலில்.

டெட்ராய்ட் குமரன்:
ஒஹாயோவில் இருந்துகொண்டு இதை எழுத உங்களுக்கு எப்படி மனம் வருகிறது? 2017 ஜூலையில் யங்ஸ்டவுன் மேடையில் உங்கள் டிரம்ப் என்ன சொன்னார்? வேலைகள் எல்லாம் திரும்பி வருகின்றன, ஊரை விட்டுப் போகாதீர்கள், வீட்டை விற்காதீர்கள் என்றார். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் ஜெனரல் மோட்டார்ஸின் லார்ட்ஸ்டவுன் ஆலை. 2019 மார்ச்சில் கடைசி க்ரூஸ் கார் வெளியே வந்ததோடு அந்த ஆலை நின்றது. அவர் பேச்சை நம்பி வீட்டை வைத்துக்கொண்டவனுக்கு என்ன பதில்? அதையும் "முதலில் முடிவெடுத்தார்" என்ற கணக்கில் எழுதுவீர்களா?

ஒஹாயோ மாறன்:
ஆலையை மூடியது கம்பெனி, அதிபர் அல்ல. உங்கள் ஃபெயினே 2025இல் டிரம்பின் 25 சதவீத வாகன வரியை வரவேற்றாரே, அதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்?

டெட்ராய்ட் குமரன்:
வரியை வரவேற்றார், ஆளை அல்ல. வரி வந்த சூட்டோடு கார் கம்பெனி ஸ்டெல்லாண்டிஸ் கனடாவிலும் மெக்சிகோவிலும் ஆலைகளை நிறுத்திவைத்தது. அந்த ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்துவந்த அமெரிக்கத் தொழிலாளர்கள் 900 பேரைத் தற்காலிகமாக வீட்டுக்கு அனுப்பியது. 2025 மார்ச் 27ஆம் தேதி, லட்சக்கணக்கான மத்திய அரசு ஊழியர்களின் கூட்டுப்பேர உரிமையைப் பறிக்கும் ஆணையில் டிரம்ப் கையெழுத்திட்டார். இவரா சங்கத்தின் நண்பர்?

திருப்பூர் செல்வம்:
ஐயா, நீங்கள் 26, 27 என்கிறீர்கள். எங்களுக்கும் ஒரு 27 இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 27. இந்தியச் சரக்குக்கு டிரம்ப் போட்ட 50 சதவீத வரி நடைமுறைக்கு வந்த நாள். ஆர்டர் கொடுத்தவர்கள் "நிறுத்திவையுங்கள்" என்று ஒரு வரியில் மின்னஞ்சல் அனுப்பினார்கள். தூத்துக்குடிக்குப் போக வேண்டிய பெட்டிகள் குடோனில் உத்தரம் வரை அடுக்கிக் கிடந்தன. சனிக்கிழமை கூலி கொடுத்தபோது, செக்கிங் மேசையில் இருந்த பெண்களிடம் "சொல்லி அனுப்புகிறேன்" என்றேன். அவர்களும் தொழிலாளர்கள்தான்.

ஒஹாயோ மாறன்:
வருத்தம்தான். ஆனால் அமெரிக்க அதிபர் அமெரிக்கத் தொழிலாளியைத்தான் முதலில் பார்ப்பார். அதற்குத்தான் அவருக்கு ஓட்டு.

திருப்பூர் செல்வம்:
பனியனுக்கு ஓவர்லாக் அடிக்க உங்கள் ஊரில் எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள்? யாருக்கு வேலை கிடைத்தது? நீங்கள் அணிந்திருக்கும் உள்பனியனின் லேபிளைத் திருப்பிப் பாருங்கள், பிறகு வருத்தப்படலாம்.

ஒஹாயோ மாறன்:
தனிநபர் தாக்குதல் வேண்டாம்.

வாசுகி:
லேபிளைப் பார்க்கச் சொல்வது தாக்குதலா? அவர் பிழைப்பைச் சொல்கிறார். நீங்கள் ஓட்டுக் கணக்குச் சொல்கிறீர்கள்.

டெட்ராய்ட் குமரன்:
செல்வம் அண்ணா, உங்கள் வேதனை புரிகிறது, அதற்குத் தனி இழை தொடங்குங்கள், நான் வந்து எழுதுகிறேன். இங்கே ஒரு பொய் அப்படியே நிற்கிறது. மாறன் "முதலில் வந்தவர்" என்று எழுதினார். "முதலில் அறிவித்தவர்" என்று எழுதவில்லை. வந்தது 26. திருத்தம் போடும்வரை தினமும் இதையே எழுதுவேன்.

ஒஹாயோ மாறன்:
எழுதுங்கள். 18ஆம் தேதிச் செய்தியைப் பார்த்துப் பதறித்தான் 22ஆம் தேதி அறிவித்தார், 26 வந்தார். ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன்.

திருப்பூர் செல்வம்:
தனி இழையா? போன வருடம் நூல் விலைக்கு ஓர் இழை தொடங்கினேன். இந்த இருவரில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

டெட்ராய்ட் குமரன்:
22ஆம் தேதி பதறவில்லை, சங்கம் அழைத்தது. செவ்வாய்க்கிழமை. 26.