கடைவாய்ப்பல் பள்ளத்துக்கு எந்த சீலன்ட்: ரெசினா, கிளாஸ் அயனோமரா?

கோபி_அம்மா: பையனுக்கு ஆறு வயது. கீழ்க் கடைவாய்ப்பல் பாதிதான் முளைத்திருக்கிறது, பின்பக்கம் இன்னும் ஈறு மூடியிருக்கிறது. சொத்தை வராமல் பள்ளத்தை அடைக்கும் பூச்சுக்கு (சீலன்ட்) ஒரு டாக்டர் ரெசின் என்ற பிளாஸ்டிக் பிசின் என்கிறார், இன்னொருவர் கிளாஸ் அயனோமர் என்ற பல் சிமென்ட் போதும் என்கிறார். எதுங்க நல்லது?

திருப்பூர்_செல்வா: ரெசின்தாங்க. பாஸ்பாரிக் அமிலத்தை 15, 20 நொடி வைத்துக் கழுவி உலர்த்தினால் பல்லின் மேல் ஓடான எனாமல் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுக்கும். அந்த நுண்துளைகளில் ரெசின் இறங்கி, நீல விளக்கு பட்டதும் இறுகிவிடும். பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் தொகுப்பாய்வின் கணக்கைப் பாருங்கள்: 100 பற்பரப்பில் 40 சொத்தையாகக்கூடிய குழந்தைகளிடம், ரெசின் வைத்தால் 2 ஆண்டில் அது 6 அளவுக்கு இறங்குகிறது. கிளாஸ் அயனோமருக்கு இப்படி உறுதியான சான்று கிடையாது.

பவானி_பல்டாக்டர்: அந்தக் கணக்கு பல் உலர்ந்திருந்தால்தான் செல்லும் செல்வா. அமிலம் வைத்த எனாமலில் கொஞ்சம் எச்சில் பட்டாலே ரெசினுக்குப் பிடிப்பு போய்விடும். ஈறு மூடிய இடத்தில், அதுவும் ஆறு வயதுப் பையன் நாக்கைத் துழாவிக்கொண்டிருக்கும்போது, எப்படி உலர வைப்பது? கிளாஸ் அயனோமர் ஈரத்தை ஓரளவு தாங்கும், சொத்தையைத் தடுக்கும் ஃப்ளோரைடும் விடும்.

கவுந்தப்பாடி_பாட்டி: ஏனுங்க, மிட்டாயை நிறுத்திவிட்டு நாட்டுச் சர்க்கரை கொடுத்து, ராத்திரி பல் விளக்கவிட்டால் போதாதா?

பவானி_பல்டாக்டர்: ராத்திரி விளக்குவது கட்டாயம் வேண்டும் பாட்டி. ஆனால் நாட்டுச் சர்க்கரையும் பல்லுக்குச் சர்க்கரைதான். பள்ளத்தின் அடி பிரஷ் நாரைவிட ஒடுங்கியது, எவ்வளவு தேய்த்தாலும் உள்ளே போகாது.

திருப்பூர்_செல்வா: டாக்டர், கிளாஸ் அயனோமர் சீக்கிரம் பெயர்ந்துவிடும் என்பதையும் சொல்லுங்கள். அடைத்தாயிற்று என்று பெற்றோர் அதோடு மறந்துவிடுகிறார்கள். அதற்குப் பதில் ஃப்ளோரைடு வார்னிஷ் (பல்மேல் தடவும் ஃப்ளோரைடு பூச்சு) பூசிக்கொண்டு, பல் முழுசாக வந்ததும் ரெசின் வைக்கலாமே.

பவானி_பல்டாக்டர்: பெயரும், மறுக்கவில்லை. மேலே இருப்பது பெயர்ந்து போனாலும் பள்ளத்தின் அடியில் கொஞ்சம் தங்கிக் காக்கும். பல் முளைத்து வரும் மாதங்கள்தான் ஆபத்தானவை. எனாமல் இன்னும் முதிர்ந்திருக்காது. பல் தாழ்ந்து நிற்பதால் பிரஷும் மேலேயே ஓடிவிடும். அப்போது போய் வெறும் பள்ளமாக விட எனக்கு மனம் வராது.

பென்னாகரம்_ஆசிரியர்: எங்கள் தருமபுரிப் பக்கம் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். அதனால் பழுப்புக் கறை படிந்த பல் என்றால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அந்த எனாமல் அமிலத்துக்குச் சுலபத்தில் மசியாது, கூடுதல் நேரம் வைக்க வேண்டியிருக்கும்.

கோபி_அம்மா: கறை இல்லைங்க. டார்ச் அடித்துப் பார்த்தேன், நடுப்பள்ளம் தெரிகிறது, பின்குழி ஈறுக்குள் இருக்கிறது.

பவானி_பல்டாக்டர்: அப்படியானால் இப்போது கிளாஸ் அயனோமர். ஈறு விலகியதும் ரெசின். 12 வயதுவாக்கில் அடுத்த கடைவாய்ப்பல் வரும், அதையும் பார்க்க வேண்டும்.

திருப்பூர்_செல்வா: நானாக இருந்தால் வார்னிஷ்தான். எது செய்தாலும், மூன்று மாதத்தில் மறுபடி காட்டுங்க அக்கா. பின்குழி வெளியே தெரிந்த அன்றே ரெசின் கேளுங்கள்.