நாள்பட்ட கழுத்து வலி: அக்குபங்சர் பார்க்கலாமா?

நகரி தறிக்காரன்:
நகரியில பவர்லூம் ஓட்டுறேன். அறுந்த பாவு நூலைக் குனிஞ்சு குனிஞ்சு முடிச்சுப் போட்டே கழுத்து இறுகிப்போச்சு. வருஷக்கணக்கா வலி, வலது தோள்பட்டை வரைக்கும் இழுக்குது. கை மரத்துப்போறதில்லை. எக்ஸ்ரே பார்த்து லேசான தேய்மானம்னாங்க. வலி மாத்திரை வயித்துக்கு ஒத்துக்கலை. வீட்டுல புத்தூர் கட்டுக்குப் போன்னு நச்சரிக்கிறாங்க. அக்குபங்சர்ல ஊசி எங்கே போடுவாங்க, எத்தனை தடவை?

புத்தூர் பையன்:
எங்க ஊர் கட்டு எலும்பு முறிவுக்குப் பேர்போனது. தேய்மானத்துக்கு அங்கே என்னத்தைக் கட்டுறது? வீட்டுல சொல்லிடுங்க.

திருத்தணி அக்கா:
தம்பி, நான் ஊசி போடுறவ. தறிக்காரங்க நிறையப் பேர் இதே வலியோட வர்றாங்க.

மண்டையோட்டுக்குக் கீழே, பிடரிக்கு ரெண்டு பக்கமும் குழி இருக்கும். அந்த ஊசிப் புள்ளியை பித்தப்பை 20னு சொல்லுவோம், அது புள்ளியோட பேர்தான். கட்டைவிரலால அழுத்திப் பாருங்க, "அதேதான்"னு வாயில வரும். அடுத்தது கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவுல, பித்தப்பை 21. உங்க இழுப்புக்கு முக்கியமான இடம், அதே சமயம் ஆபத்தான இடமும் இதுதான். அடியில நுரையீரலோட உச்சி இருக்கு. ஆழமா இறக்கினா காத்து கசிஞ்சு மூச்சு முட்டும். நான் தசையை விரலால தூக்கிப் பிடிச்சு மேலாகத்தான் குத்துவேன். அங்கே எவ்வளவு ஆழம் போவீங்கன்னு தைரியமா கேளுங்க; கேள்விக்கே கோவப்படுறவர்கிட்ட கழுத்தைக் கொடுக்காதீங்க.

கையில, சுண்டுவிரல் பக்க ஓரத்துல சிறுகுடல் 3ங்கிற புள்ளி. அதுல ஊசியை வச்சுக் கழுத்தை மெதுவா திருப்பச் சொல்லுவேன்.

குத்துறப்ப எறும்பு கடிச்ச மாதிரி, அப்புறம் கனமா ஒரு மந்த வலி. 20, 30 நிமிஷம் ஊசி இருக்கும். வாரம் ஒண்ணு ரெண்டு தடவை. இங்கிலாந்துல 517 பேரை வச்சு செஞ்ச ஆய்வு 2015ல வந்தது. 12 தடவை வரைக்கும் ஊசி போட்டுக்கிட்டவங்களுக்கு, வழக்கமான வைத்தியம் மட்டும் பார்த்தவங்களைவிட ஒரு வருஷம் கழிச்சும் வலி குறைவு. தேய்மானம் மறையாது, மறையும்னு யாராவது சொன்னா எழுந்து வந்துடுங்க.

ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிட்டா முதல்லயே சொல்லணும். ஊசி பாக்கெட்டை உங்க கண்ணு முன்னாடி பிரிக்கணும். கை மரத்தாலோ, பிடி தளர்ந்தாலோ, நடை தடுமாறினாலோ ஊசியை விட்டுட்டு நரம்பு டாக்டரைப் பாருங்க.

நகரி தறிக்காரன்:
நன்றிக்கா. ஊசியே இல்லாம விரலை மட்டும் வைக்கிறாங்களே, அது?

திருத்தணி அக்கா:
அது தொடு முறை, நம்ம பக்கம் நிறைய நடக்குது. நான் சொன்ன ஆய்வு ஊசிக்கு. இன்னொண்ணு, முடிச்சுப் போடறப்ப ஒரு ஸ்டூல் இழுத்துப் போட்டு உட்காருங்க. ஓனர் முறைப்பாரு, முறைக்கட்டும்.