புதுப்பிப்பு: பாம்பன் ஏலக் கணக்கு, விண்டோஸிலிருந்து ராஸ்பெர்ரி பைக்கு

முன்பு கேட்டது இதுதான்: பைத்தான் மொழியில், சாளரமும் பொத்தானும் வரையும் அதன் டிகேஇன்டர் நூலகத்தைக் கொண்டு எழுதிய மீன் ஏலக் கணக்கு நிரல் விண்டோஸில் சரியாக ஓடுகிறது, லினக்ஸில் ஓடும் சிறு கணினியான ராஸ்பெர்ரி பையில் மட்டும் தமிழ் உடைகிறது. எழுத்துருவில் குறையில்லை. விண்டோஸில் எழுத்துகளைக் கோத்துத் தருவது, அதாவது கொம்பு, கால் போன்றவற்றை உரிய இடத்தில் வைப்பது, இயங்குதளம். லினக்ஸில் டிகேஇன்டருக்கு அடியில் இருக்கும் டிகே 8.6, எக்ஸ்எஃப்டி என்னும் எழுத்து வரையும் நூலகம் வழியாக ஒவ்வொரு குறியாக வரைகிறது, கோப்பதில்லை. அதனால்தான் 'கெளுத்தி'யில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. எழுத்துருவை மாற்றிப் பயனில்லை.

வேலை செய்கிற வழி: மீன் பெயர்களைப் பில்லோ என்னும் பைத்தான் பட நூலகத்தில் படமாக வரைந்து பொத்தானில் வைப்பது. எழுத்தைக் கோக்கும் ராக்ம் நூலகம் பில்லோவில் இயங்குகிறதா என்று முதலில் சோதியுங்கள். பைத்தானின் நிறுவல் கருவியான பிப் வழியாக நிறுவிய பில்லோவில் ராக்ம் உள்ளேயே இருக்கும். ஆனால் கணினியில் ராக்முக்குத் தேவையான ஃப்ரிபிடி நூலகம் இல்லையென்றால் ராக்ம் இயங்காது, அதே உடைசல் படத்திலும் வரும். படப் பொருளை ஒரு மாறியில் பிடித்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பைத்தான் அதை நினைவகத்திலிருந்து நீக்கிவிடும், பொத்தான் வெறுமையாகத் தெரியும்.

தட்டச்சுப் பெட்டிக்கு இந்த வழி உதவாது. சீலா, கொடுவா, நண்டு எல்லாம் பொத்தான், எடையும் விலையும் மட்டும் பெட்டி என்று பிரிப்பதே நல்லது. ஈரக் கைக்கும் அதுதான் வசதி.

சில்லறை மாற்றங்கள்: சுட்டியின் சுருள் சக்கரத்துக்கு மவுஸ்வீல் நிகழ்வு போய் பட்டன்-4, பட்டன்-5 நிகழ்வுகள், சாளரச் சின்னத்துக்கு ஐகோ கோப்புக்குப் பதில் பிஎன்ஜி படம், ஐகான்ஃபோட்டோ கட்டளை வழியாக.

வியாபாரி பெயரையும் தமிழில் தட்டச்சு செய்தே ஆகவேண்டுமென்றால் டிகேயை விட்டு, சாளரம் வரையும் இன்னொரு நூலகமான ஜிடிகேவுக்குப் போங்கள். அங்கே பாங்கோ என்னும் நூலகம் எழுத்தைக் கோத்துவிடும்.